பித்தளை மூக்கும் டீச்சரம்மா குடிச்ச தண்ணியும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகதான் எழுதுறா. நடுவுல நடுவுல "அத்தை, இது இதுக்கு வேணாம்"னு நிறுத்துறா. வேணுமா வேணாமான்னு நான்ல சொல்லணும். நீ எழுதுத்தா.

நான் பெரிய ஆளு வீட்டுல சமைச்சவ. இன்னமும் சமைக்கிறேன். இங்க பூனாவுல, பிம்ப்ரியில மெட்ரோ ஏறுனா கட்கியில எறங்கி, கொஞ்ச தூரம் நடந்தா ஐயா வீடு. போன மாசம்கூட ரயில்ல பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளைப் பிள்ளை போன்ல ஏதோ பாத்துக்கிட்டு இருந்துச்சு. எட்டிப் பாத்தா ஐயா படம். சால்வையைப் போட்டு நிக்கிறாரு, மூஞ்சி வழக்கம்போல உர்ருன்னு. "இவருக்கு நான்தான் சாம்பாரு வைக்கிறேன்"னேன். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. பைத்தியம்னு நெனச்சுச்சோ என்னமோ, தள்ளி உக்காந்துக்கிருச்சு. நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்கிட்டேன்.

ஐயா என்னத்தக் கண்டுபிடிச்சாருன்னா ஒரு மூக்கு. பித்தளை மூக்கு. தோட்டத்துல முதுகுல டப்பாவை மாட்டிக்கிட்டு மருந்தடிக்கிறாகல்ல, அந்தக் குழாய் முனையில மாட்டுறது. முன்னாடி உள்ளதெல்லாம் நாலு வரப்பு போறதுக்குள்ள மண்ணு அடைச்சுக்குமாம். இவரு மூக்கு அடைக்காது. நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டக்காரன் அம்புட்டுப் பேருகிட்டயும் அது இருக்குங்கிறாக. சீசனுக்கு யாராவது ஒருத்தன் கூடை திராட்சையத் தூக்கிட்டு வந்து ஐயா கால்ல விழுவான். ஐயா கூச்சப்பட்டுக்கிட்டு, வீட்டுக்குப் பின்னாடி அவரு வேலை பாக்குற ஷெட்டுக்குள்ள ஓடிருவாரு. திராட்சையை நாங்க ரெண்டு பொம்பளைக உக்காந்து தின்போம், நானும் டீச்சரம்மாவும்.

டீச்சரம்மா ஐயா சம்சாரம். கேம்ப் பக்கம் பள்ளிக்கூடத்துல இங்கிலீசு சொல்லிக் குடுத்தவுக. அவுக பாட்டனாரு காலத்துலயே பட்டாளத்தோட பூனாவுக்கு வந்த தமிழ்க் குடும்பம், சர்ச்சுக்குப் போற வேதக்காரவுக. ஐயா குடும்பமும் அப்பிடித்தான். ரெண்டு பேரும் பேசுற தமிழைக் கேக்கணுமே. பாதி தமிழு, பாதி இந்தி, சண்டைன்னா மராட்டி. "அரே, சாதத்துல காரம் ஜாஸ்தி ஆயிருச்சு"ம்பாரு ஐயா. நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. காரம் இல்லாம எனக்கு எப்பிடிக் கை வரும்.

வேலைக்குப் போன மொத நாள் நல்லா ஞாபகம் இருக்கு. எங்க வீட்டுக்காரவுக பிம்ப்ரியில மருந்துக் கம்பெனியில வேலை பாத்தாக. பெரிய கம்பெனி, ஊசி மருந்து பண்றது. பையனைப் படிக்க வைக்க ஒரு சம்பளம் பத்தலைன்னு நானும் சமையலுக்குக் கெளம்புனேன். ஐயா வாசல்ல நிக்க வச்சு மொதக் கேள்வியே "வாசிக்கத் தெரியுமா?"ங்கிறாரு. சமைக்கிறதுக்கு எதுக்கு வாசிப்புன்னு நெனச்சுக்கிட்டே "தெரியாதுங்கய்யா"ன்னேன். "ஒரு எழுத்துகூட?" "ஒரு எழுத்துகூட." அந்த மனுசன் மூஞ்சியப் பாக்கணுமே, புதையல் கெடச்ச மாதிரி. உள்ள திரும்பி "ஆள் கெடச்சாச்சு"ன்னு கத்துறாரு. டீச்சரம்மா வந்து தலையில அடிச்சுக்கிட்டாக. "சமைக்கத் தெரியுமான்னு கேட்டீங்களா?" கேக்கலைல்ல அவரு.

விசயம் என்னன்னா, ஐயாவுக்கு ஒரு பழக்கம். எந்தச் சாமான் செஞ்சாலும் அதுல ஒரு எழுத்து, ஒரு அம்புக்குறி போட மாட்டாரு. மருந்தடிக்கிறவன் வாசிப்பானான்னு கேப்பாரு. அதனால செஞ்ச சாமானை எழுத்துத் தெரியாத ஒரு ஆளு கையில குடுக்கணும். ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அந்த ஆளு தானாப் பிடிச்சு, தானா ஓட்டணும். "இதை எங்க பிடிக்கணும்?"னு கேட்டுட்டா அந்தச் சாமான் தோத்துப் போச்சு. அந்த ஆளு நான்தான்.

நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பேன், "மௌசி"ன்னு சத்தம் வரும். இங்க வேலைக்கு வர்ற பொம்பளையை அப்பிடித்தான் கூப்புடுவாக, சின்னம்மான்னு அர்த்தம். என்னை விட வயசுல எம்புட்டோ மூத்தவரு என்னைச் சின்னம்மாங்கிறாரு. நான் ஈரக்கையைத் தொடச்சுக்கிட்டுப் போவேன். மேசையில ஒரு சாக்கு, சாக்கு மேல சாமான். ஐயா சொவத்தப் பாத்துத் திரும்பி, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிப்பாரு. என் மூஞ்சியை அவரு பாக்க மாட்டாரு, அவரு மூஞ்சியை நான் பாக்கக் கூடாது. பாத்தா நான் கண்டுபிடிச்சுருவேனாம். நான் தூக்குவேன், திருப்புவேன், அமுக்குவேன். தண்ணி என் மூஞ்சியில அடிக்கும், சேலையில அடிக்கும், ஒரு தடவை ஐயா முதுகுலயே அடிச்சுச்சு. அப்பக்கூடத் திரும்பல மனுசன்.

தோத்த சாமானைத் தூக்கிப் போட மாட்டாரு. ஷெட்டுக்குள்ள இந்தச் சொவத்துக்கும் அந்தச் சொவத்துக்கும் ஒரு கம்பி கட்டியிருக்கு. அதுல கோத்து விட்டுருவாரு. காத்தடிச்சா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு கோயில் மணி மாதிரிச் சத்தம். இந்தப் பித்தளை மூக்கு வர்றதுக்கு முன்னாடி தொங்குனதே ஒரு கம்பி நெறைய இருக்கும். அம்புட்டு வருசமும் வீடு ஓடுனது டீச்சரம்மா சம்பளத்துலதான். அவுக வாயைத் தொறந்து ஒண்ணு சொன்னதில்ல. ஆனா ஒரு கண்டிசன் போட்டிருந்தாக. "ஷெட் உங்களுது, வீடு என்னது. உங்க சாமான் எதையும் நான் தொட மாட்டேன்." தொட்டதே இல்ல. டார்ச்சு ரிப்பேரானாக்கூட நான்தான் எடுத்துக்கிட்டுப் போகணும்.

ஜெயிச்சாலும் தோத்தாலும் ஐயா ஒண்ணுதான் சொல்லுவாரு. "சரி, டீ போடு மௌசி." அம்புட்டுத்தான். மூக்குக்குப் பெரிய எடத்துல பரிசு குடுக்குறாகன்னு போன் வந்தப்பவும் அதேதான் சொன்னாரு. டீச்சரம்மா என்னையப் பாத்துச் சிரிச்சாக. "கல்யாணத்தன்னிக்கும் இதைத்தான் சொல்லியிருப்பாரு, சர்ச்சுல டீ இல்ல, தப்பிச்சேன்."

எங்க வீட்டுக்காரவுக தவறுனதையும் சொல்லிர்றேன், மருமக மொறைக்கிறா, இருந்தாலும். ரிட்டேராகி ரொம்ப நாள் ஆகல. சாப்பிட்டுட்டுப் படுத்தவுக எந்திரிக்கல. எனக்கு அழுகையே வரல. ஊருல இருந்து வந்த சனம் எல்லாம் என்னையக் கட்டிப் பிடிச்சு அழுறாக, நான் அரிசி எம்புட்டுப் போடணும்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். கல்லு மாதிரி இருக்கா பாருன்னு காதுபடவே பேசுனாக. டீச்சரம்மா ஆட்டோ பிடிச்சு வந்தாக. பக்கத்துல உக்காந்தாக. ஒரு சொம்புத் தண்ணியை என் கையில வச்சு "குடி"ன்னாக. அன்னிக்குக் காலையில இருந்து நான் தண்ணியே குடிக்கலைன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

அந்த டீச்சரம்மாவுக்குத்தான் பக்கவாதம் வந்துச்சு. ஞாயித்துக்கெழமை, சர்ச்சுக்குப் போயிட்டு வந்து செருப்பைக் கழட்டக் குனிஞ்சாக. அம்புட்டுத்தான். வலது கை, வலது கால் போச்சு, பேச்சும் போச்சு. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிருச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கொண்டாந்து கட்டில்ல போட்டோம். எடது கை மட்டும் கொஞ்சம் ஆடும். கண்ணு மட்டும் பழைய கண்ணு. பரீட்சைத் தாளு திருத்துற கண்ணு.

சோறு நான் கரைச்சு ஊட்டுவேன், வாங்கிக்கிருவாக. தண்ணிதான் பிரச்சனை. டம்ளரை வச்சா மொத்தமா ஊத்தி பொரை ஏறுது. உறிஞ்சுற குழாய் வச்சா வாய் இழுத்திருக்குல்ல, உறிஞ்ச முடியல. கரண்டியில சொட்டுச் சொட்டா ஊத்தணும். கண்ணை இறுக்க மூடிக்குவாக ஊத்தும்போது. ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்த கையி. மத்தவுக ஊத்தி வாயைத் தொடச்சு விடுறது அவுகளுக்குப் பிடிக்கல. எனக்கு அது தெரிஞ்சுச்சு. ஐயாவுக்கும் தெரிஞ்சுச்சுபோல. எந்திரிச்சு ஷெட்டுக்குப் போயிட்டாரு.

அந்த வயசுல, கண்ணு மங்கிப் போயி, மறுபடி அரத்தை எடுத்து ராவிக்கிட்டு உக்காந்தாரு. கட்டிலுக்கு மேல ஒரு பாட்டிலைத் தொங்க விடணும். அதுல இருந்து மெல்லிசா ஒரு குழாய் வாய்க்கு வரும். கையில ஒரு பித்தளைச் சாமான். அதை ஒரு அமுக்கு அமுக்குனா ஒரு மடக்குத் தண்ணி, அதுக்கு மேல ஒரு சொட்டு வரக் கூடாது. விட்டுட்டு மறுபடி அமுக்குனாத்தான் அடுத்த மடக்கு. அவ்வளவுதான் சாமான். கேக்க லேசா இருக்கு. நான் ஷெட்டுல பெஞ்சு மேல படுத்துக்கிட்டு எம்புட்டுத் தண்ணியை மூக்கால குடிச்சிருப்பேன்னு எனக்குத்தான் தெரியும். ஒரு தடவை சேலை மொத்தமும் நனைஞ்சு, ஐயா சட்டையைப் போட்டுக்கிட்டு அடுப்படியில நின்னேன். டீச்சரம்மா இருந்த கட்டில்ல இருந்து அடுப்படி தெரியும். என்னையப் பாத்து அந்தக் கோணல் வாய் லேசா அசைஞ்சுச்சு. சிரிப்புத்தான் அது.

கம்பியில ஒவ்வொண்ணாத் தொங்குச்சு. கடைசியில ஒண்ணு வந்துச்சு. படுத்துக்கிட்டு எடது கையால எடுத்தேன், அமுக்குனேன், ஒரு மடக்கு, நின்னுருச்சு. மறுபடி ஒரு மடக்கு. ஒரு சொட்டு சிந்தல. ஐயா சொவத்தைப் பாத்தபடியே "சத்தம் கேக்கலையே"ன்னாரு. "குடிச்சுக்கிட்டு இருக்கேன்ல"ன்னேன். திரும்பிப் பாத்தாரு. அன்னிக்குத்தான் மொதத் தடவையா "டீ போடு"ன்னு சொல்ல மறந்தாரு.

கொண்டு போயி டீச்சரம்மா கையில வச்சோம். பழக்கம் மாறாம ஒரு வார்த்தை சொல்லாம ஐயா சொவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு. டீச்சரம்மா அதை எடது கையில வச்சு, இங்கிட்டுத் திருப்புறாக, அங்கிட்டுத் திருப்புறாக. கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போனாக. எதைத் தேடுறாகன்னு எனக்குப் புரியல. அப்புறம் புரிஞ்சுச்சு. எழுத்தைத் தேடுறாக. எங்கயாவது ஒண்ணு எழுதியிருக்கும்னு. எதுவும் இல்ல. ஓரத்தை அமுக்குனாக, வரல. கன்னத்துல வச்சுப் பாத்தாக. கையில இருந்து நழுவி, கீழ விழும்போது அமுங்கி, தலையணை நனைஞ்சுச்சு. நான் ஓடிப் போயி வெரலைப் பிடிச்சு எடத்தைக் காட்டுனேன். கையை இழுத்துக்கிட்டாக. சொவத்தைப் பாத்துத் திரும்பிட்டாக.

இந்தப் பக்கம் ஒருத்தரு சொவத்தைப் பாத்து, அந்தப் பக்கம் ஒருத்தரு. நடுவுல நான் ஈரத் தலையணையோட.

அதுல இருந்து கரண்டித் தண்ணியும் வாங்கல. ஒதட்டை இறுக்கி மூடிக்கிட்டாக. ஒதடு வெடிச்சு, நாக்கு காஞ்சுருச்சு. டாக்டரு வந்து பாத்துட்டு, இப்பிடியே இருந்தா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஆகணும்னாரு. வார்த்தை முடியல, டீச்சரம்மா எடது கை போர்வையைக் கவ்விப் பிடிச்சுச்சு. அந்தக் குழாய் வேணாம்னு அந்தக் கை சொல்லுது. டாக்டரு, ஒரு வாரம் பாத்துட்டு வாறேன்னு போனாரு. அதுவரைக்கும் கையில ஊசி குத்தி தெனம் ஒரு பாட்டிலு ஏத்துனாக.

ஐயா ஷெட்டுக்குப் போயி சும்மா உக்காந்திருந்தாரு. நான் டீயை வச்சேன், ஆடை கட்டிப் போச்சு. வாசல்ல காய்காரி சத்தம் கேட்டுச்சு. தெனம் தலையில கூடையோட வர்ற மராட்டிக்காரி, என்னை மாதிரித்தான், எழுத்து வாசனை கெடையாது. ஐயா விசுக்குன்னு எந்திரிச்சு அந்தச் சாமானை எடுத்துக்கிட்டுப் போயி அவ கையில குடுத்துட்டு, கேட்டைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டாரு. அவ "ஹே காய்?"ங்கிறா. இது என்னன்னு கேக்குறா. ஐயா பேசல. அவ என்னையப் பாக்குறா, நானும் பேசக் கூடாது. அவ அதை வெந்தயக்கீரைக் கட்டைப் பிடிக்கிற மாதிரி முழுக் கையால பிடிச்சு, ஆட்டி, காதுல வச்சுக் கேட்டு, "பிகட்லா"ன்னு திருப்பிக் குடுத்துட்டா. கெட்டுப் போச்சாம்.

ஐயா நேரா என்கிட்ட வந்தாரு. "கண்ணை மூடு மௌசி." மூடுனேன். கம்பியில இருந்து எதையோ கழட்டிக் கையில வச்சாரு. அது நான் அந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி செஞ்சதாம், நான் தொட்டதே இல்ல. என் கட்டை வெரல் தானாப் போயி அடிப்பக்கம் ஒரு பள்ளத்துல உக்காந்துச்சு. அமுக்குனேன், அமுங்குச்சு. அடுத்தது குடுத்தாரு. அதுவும் அப்பிடியே. ஐயா எது செஞ்சாலும் அமுக்குற நாக்கு அடிப்பக்கந்தான் இருக்கும், கட்டை வெரலுக்கு ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அது அவரு கை. அவருக்கே தெரியாது. எனக்கும் தெரியாது, என் வெரலுக்குத் தெரிஞ்சிருக்கு.

"உனக்கு வாசிக்கத் தெரிஞ்சுபோச்சு மௌசி"ன்னாரு. கோவம் இல்ல, வருத்தம் இல்ல, சும்மாச் சொன்னாரு. "இத்தனை வருசமா என் சாமான் தானா ஓடுதுன்னு நெனச்சேன். ஓடல. நீ வாசிச்சிருக்க." எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. படிக்காதவன்னு வேலைக்கு எடுத்து, படிச்சுட்டன்னு தள்ளுறாரேன்னு. சிரிச்சுக்கிட்டே அடுப்படிக்குப் போனேன். போயி நின்னா கையில என்ன வேலைன்னு தெரியல. எரியிற அடுப்பையே பாத்துக்கிட்டு நின்னேன்.

அப்புறம் காய்காரிக்கு வந்த வாழ்வு. ஐயா தெனம் வாசக் கேட்டுப் பக்கத்துலயே நிப்பாரு. அவ வெங்காயத்தை நிறுத்துக்கிட்டே ஒரு கையால அமுக்கிப் பாப்பா. "பாபா, யாவாரம் கெடுது"ன்னு சலிச்சுக்குவா. சலிச்சா ஐயா ரெண்டு கட்டு கூட வாங்குவாரு. அந்த வாரம் பூரா எங்க வீட்டுல வெந்தயக்கீரை. பருப்புல கீரை, சப்பாத்தியில கீரை, ஆளுக்கே கசப்பு ஏறிப்போச்சு. ஆனா அவ பிடிக்கிற பிடியைத்தான் ஐயா பாத்தாரு. வெரலால பிடிக்கிறதில்ல, முழுக் கையால. ஈரத் துணியைப் பிழியிற மாதிரி. அப்பன்னா எங்க அமுக்குனாலும் தண்ணி வரணும். நாக்கையே எடுத்துட்டாரு. ரப்பர்ல ஒரு உருண்டை, உள்ளுக்குள்ள பித்தளை. மேலு கீழு கெடையாது, முன்னே பின்னே கெடையாது. டாக்டரு குழாயோட வாறேன்னு சொன்ன நாளும் வந்துருச்சு. ஐயா டாக்டருக்குப் போன் போட்டு, சாயங்காலமா வாங்கன்னு சொன்னாரு. அந்த மனுசன் ஒருத்தர்கிட்டக் கெஞ்சி நான் கேட்டது அன்னிக்குத்தான்.

காலையில காய்காரி உருண்டையை வாங்குனா, பிழிஞ்சா, தண்ணி வந்துச்சு. ஒண்ணும் கேக்கல. அவபாட்டுக்கு மொளகாயைக் கொசுறு போட்டுட்டுப் போயிட்டா.

டீச்சரம்மா கையில நான் வைக்கல. குழாய் முனையை வாயோரம் வச்சு, உருண்டையைப் போர்வை மேல, கைக்கிட்டப் போட்டுட்டு வெளிய வந்துட்டோம். ஐயா நடையில சொவத்தைப் பாத்து நின்னாரு. நான் கதவோரம் தட்டை வச்சுக்கிட்டு நின்னேன், தொடைக்கிற மாதிரி. ரொம்ப நேரம் ஒண்ணும் நடக்கல. பெறகு அந்தக் கை ஊர்ந்து வந்துச்சு. கர்ச்சீப்பைக் கசக்குற மாதிரி அதைப் பிடிச்சுச்சு. தொண்டை ஏறி எறங்குச்சு. நிறுத்தி, அந்த உருண்டையை ஒரு பார்வை பாத்தாக. மறுபடி பிழிஞ்சாக. மறுபடி.

"குடிச்சாங்களா?" சொவத்துக்கிட்டக் கேக்குறாரு ஐயா.

"குடிச்சாக."

"இருமல்?"

"இல்ல."

"சரி, டீ போடு."

டாக்டரு குழாயோட வந்து குழாயோடயே போனாரு. அதுக்கப்புறம் டீச்சரம்மா கரண்டியைக் கண்டா கண்ணால தள்ளுவாக. பாட்டிலை நான் ரொப்பி வைப்பேன், அவுக நெனச்சப்பக் குடிப்பாக. நான் அடுப்படியில நின்னா, அவுக உருண்டையை என் பக்கம் தூக்கிக் காட்டி ஒரு மடக்குக் குடிப்பாக. குடின்னு எனக்குச் சொல்றாக. நானும் சொம்பை எடுத்துக் குடிப்பேன். அந்த மழைக்காலம் பூரா நாங்க பேசிக்கிட்டது அப்பிடித்தான்.

மழை விட்டு கொஞ்ச நாள்ல, ஒரு காலையில நான் போனப்ப ஐயா கட்டில்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தாரு. டீச்சரம்மா தூங்குறாகன்னுதான் நெனச்சேன். பாதம் சில்லுன்னு இருந்துச்சு. உருண்டை கைக்குள்ளயே இருந்துச்சு. ராத்திரி நான் போகும்போது ரொப்பி வச்ச பாட்டில். ஐயா அதைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் பாத்தாரு. தலைகீழாக் கவுத்தாரு. ஒரு சொட்டு உள்ளங்கையில விழுந்துச்சு. தலையணையைத் தடவிப் பாத்தாரு. ஈரமில்ல.

"முழுசும் குடிச்சிருக்கா"ன்னாரு.

"ஆமாங்கய்யா."

"சரி"ன்னாரு. பாட்டிலைப் பழையபடி மாட்டிட்டு, "டீ போடு மௌசி."

போட்டேன். அவரும் அழல, நானும் அழல. சர்ச்சுக்காரவுக வந்தாக, திராட்சைக்காரவுக வந்தாக, அவுக எல்லாரும் அழுதாக. கல்லறையில இருந்து வந்து குளிச்சுட்டு ஐயா ஷெட்டுக்குள்ள போனாரு. சனம் ஒரு மாதிரிப் பேசுச்சு. எனக்கு அந்தப் பேச்சு பழகுனதுதான். நான் பெரிய சொம்புல தண்ணி மோந்து கொண்டு போயி மேசையில வச்சேன். "குடிங்க"ன்னேன். குடிச்சாரு.

இப்ப ரஞ்சன்காவ்ல ஒரு ஃபாக்டரிக்காரவுக அந்த உருண்டையை நெறையச் செஞ்சு ஆஸ்பத்திரிக்குக் குடுக்குறோம்னு கேட்டு வாறாக. ஐயா இன்னும் தரல. பிழியிறது கொஞ்சம் வலுவா இருக்காம், கடைசிக் கடைசில அவுக கைக்கு அது கஷ்டமா இருந்திருக்குமாம். இன்னும் லேசாக்கணும்னு ராவிக்கிட்டே இருக்காரு. யாருக்குன்னு நான் கேக்குறதில்ல. காய்காரி கேட்டுல நின்னு பிழிஞ்சு பாத்துட்டு, இன்னும் இல்ல பாபாங்கிறா. கம்பியில ஒண்ணு ஏறுது. நான் டீத்தண்ணியை அடுப்புல வைக்கிறேன்.